பூந்தியின் தொட்டிக்கு இளஞ்சூடு

இன்று காலை கடையைத் திறந்த கையோடு பூந்தியின் தொட்டியைக் கழுவினேன். மாதத்துக்கு ஒரு தடவை உள்ளே இருப்பதையெல்லாம் வெளியில் எடுத்து வைத்துவிட்டுத் துடைப்பது வழக்கம். தரைக்குப் போட்டிருக்கும் அந்தச் சாம்பல் நிற டைலைத் திருப்பியபோது, பின்பக்கத்தில் எப்போதோ ஒட்டியிருந்த தாள் தண்ணீரில் ஊறிக் கழன்று வந்தது. அதன் கீழே பென்சிலில் உன் எழுத்து. 'இந்தப் பக்கம் கீழ. சூடு இடப்பக்கம். மாத்திப் போடாத மச்சான்.'

ஈரம் பட்டு அழிந்துவிடுமோ என்று பயந்து துணியால் ஒற்றி எடுத்தேன். பிறகு டைலை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன். போட்டோக்கொப்பி எடுக்க வந்த பொடியன் ஒருவன் 'அண்ணை, கடை திறந்திருக்கோ?' என்று இரண்டு முறை கேட்டிருக்கிறான்.

ஊராருக்கு விண்ணப்பமும் முறைப்பாட்டுக் கடிதமும் தட்டச்சுச் செய்து கொடுப்பது என் தொழில். எனக்கென்று ஒரு கடிதம் எழுதி எத்தனையோ வருடம் ஆகிறது. நீ போய் ஒரு மாரி முடிந்து அடுத்த மாரி தொடங்கப் போகிறது. இன்று எழுதாவிட்டால் இனி எழுத மாட்டேன்.

பூந்தி வந்த கதையை நீ என் மகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பாய். கொழும்பில் அவளோடு படித்த பிள்ளை ஒருத்தி வெளிநாடு போகும்போது அதை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். சிறுத்தைப் பல்லி என்று பெயர். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பொட்டுகள், மொத்தமான வால், எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பது போல ஒரு வாய். அறை கொடுத்த வீட்டுக்கார அம்மா கண்டுவிட்டுக் கத்த, மகள் அதைப் பிஸ்கட் டின்னில் வைத்து மடியோடு அணைத்தபடி மன்னார் ரயிலில் கொண்டு வந்து சேர்த்தாள். கீரிக் கிராமத்தில் எங்கள் வீட்டு வாசலில் என் மனைவி மறித்து நின்றாள். 'உது உள்ள வந்தா நான் வெளியில.' ஆகவே பூந்தி கடைக்கு வந்தது.

போகும்போது மகள் சொல்லிவிட்டுத்தான் போனாள். 'அப்பா, இது குளிர்ந்த இரத்தப் பிராணி, கவனம்.' அதற்குப் பிறகும் எவ்வளவோ சொன்னாள். என் காதில் நின்றது 'குளிர்ந்த' என்ற சொல் ஒன்றுதான். இந்தத் தீவின் வெக்கையில் ஒரு பல்லி வெந்து செத்துப்போனால் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? கணினிகள் இருக்கும் பின்னறையில், நீ பூட்டிய ஏசிக்கு நேர் கீழே, பழைய மீன்தொட்டி ஒன்றை வைத்து அதற்குள் விட்டேன். பெரிய நன்மை செய்ததாக நினைத்தேன்.

மூன்று கிழமை அது ஒன்றும் தின்னவில்லை. மகள் தவிட்டுப் பெட்டியில் விட்டுப் போன புழுக்களைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வால் நாளுக்கு நாள் மெலிந்தது. இடம் மாறிய கவலை, போகப் போகச் சரிவரும் என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நீ ஏசி கழுவ வந்தாய்.

"மச்சான், உது என்ன?"

"மகளின்ர பல்லி."

"உயிரோட இருக்கோ?"

மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டாய். உன் உள்ளங்கையில் அது ஏறி இருந்தது. ஏறியது என்ன, நீதான் தூக்கி வைத்தாய். நெடுநேரம் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"ஐஸ் மாதிரிக் கிடக்குதடா. ஏன் இதை ஏசிக்குள்ள வச்சிருக்கிறாய்?"

"வெளியில வெக்கை தானே."

"வெக்கை உனக்கு. இதுக்குமோ?"

அப்போதே மகளுக்கு அழைப்பு எடுக்கச் சொன்னாய். அவள் முதலில் அழுதாள், பிறகு என்னை ஏசினாள், பிறகு உனக்கு விளக்கினாள். இந்தப் பிராணிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கத் தெரியாது. வயிறு படும் தரை சூடாக இருந்தால்தான் தின்றது செமிக்கும். குளிரில் தின்றால் உள்ளே கிடந்து பழுதாகும், அதனால்தான் தின்னாமல் கிடக்கிறது. நீ ஒரு புது ஃபிரிட்ஜின் விபரம் கேட்பது போலக் கேட்டாய்.

"எத்தின டிகிரி மகள்?"

"ஒரு பக்கத் தரை முப்பத்திரண்டு மாமா. மற்றப் பக்கம் இருபத்தஞ்சு, இருபத்தாறு. அது தனக்கு வேணுமான பக்கத்துக்குத் தானே போகும்."

"அப்ப ஒரு பெட்டிக்குள்ள ரெண்டு ஊர்."

"ஓம் மாமா."

தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுச் சிரித்தாய். "இருபது வருசமா மனுசருக்கும் மீனுக்கும் குளிர் பூட்டிக்கொண்டு திரியிறன். சூடு பூட்டச் சொன்ன முதல் ஆள் நீதான்ரா."

நீ அந்தத் தொழிலைப் புத்தளத்தில் கற்றுக்கொண்டவன். எருக்கலம்பிட்டியிலிருந்து சிறு பிள்ளையாகப் போய், கல்யாணம் முடித்த மனிதனாகத் திரும்பி வந்தாய். என் கடைக்கு முதன்முதல் வந்த அன்றே நமக்குள் சண்டை. ஏசியைக் கல்லாவுக்கு மேலே பூட்டச் சொன்னேன். உப்புக்காற்று நேராக அடிக்கும் சுவர், வெளியில் வைக்கும் பெட்டி இரண்டு வருடத்தில் உக்கிப்போகும் என்றாய். காசு கொடுப்பவன் நான் என்றேன். அப்படியானால் வேறு ஆளைப் பார் என்று ஏணியை மடக்கினாய். நான்தான் இறங்கி வந்தேன். அன்றைக்குக் குடித்த தேநீரிலிருந்து தொடங்கியது பன்னிரண்டு வருடம் போனது.

பல்லியைக் கண்ட அன்று நடந்த வேறொன்றையும் எழுத வேண்டும். வேலை முடிந்ததும் நீ கடைக்குப் பின்னால் போனாய். கைகழுவப் போனவன் வரக் காணவில்லையே என்று எட்டிப் பார்த்தேன். உச்சி வெயில். தெருவில் திரியும் கழுதைகள்கூடச் சுவரோரம் நிழலுக்குள் ஒதுங்கி நின்றன. நீ ஏசியின் வெளிப்பெட்டி தள்ளுகிற அனல் காற்றுக்கு முதுகைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாய்.

"என்னடா, விசரோ?"

"முதுகுக்கு நல்லா இருக்கு மச்சான்."

"என்ன செய்யுது உனக்கு?"

"ஒண்டுமில்லை."

நானும் சரி என்றேன். பல்லியைப் பார்க்க உள்ளே திரும்பினேன்.

அடுத்த நாள் தொட்டியை முன்னறைக்கு மாற்றினோம். நீ ஒரு மூலையில் சின்ன மின்குமிழைத் தொங்கவிட்டாய். கண்ணாடிச் சுவரில் வெப்பமானியை ஒட்டிவிட்டுப் பார்த்தால் முப்பத்தொன்று காட்டியது. இரண்டு பேருக்கும் பெருமை தாங்க முடியவில்லை. பூந்தி அந்த வெளிச்சத்துக்குப் பயந்து மறுமூலைச் சிரட்டைக்குள் புகுந்ததுதான், வெளியில் வரவில்லை. நாலாம் நாள் ஒரே ஒரு புழு தின்றது. மறுநாள் அந்தப் புழு செமிக்காமல் முழுசாக வெளியில் கிடந்தது.

மகள் தொலைபேசியில் கேட்டாள். "மாமா, வெப்பமானியை எங்க வச்சிருக்கிறீங்கள்?"

நீ அதைக் கழற்றித் தொட்டியின் தரையில் வைத்தாய். இருபத்தாறு.

"பிழை என்னில மகள்" என்றாய். "காத்தைச் சூடாக்கியிருக்கிறன். வயித்தை மறந்துபோனன்."

உன்னைப் போல வேலை தெரிந்த ஒருவன் இவ்வளவு சுலபமாகப் பிழையை ஒத்துக்கொண்டதை நான் கண்டதில்லை. நானாக இருந்தால் வெப்பமானியில் குறை சொல்லியிருப்பேன்.

மகள் கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஒரு பொதி அனுப்பினாள். எக்ஸ்ரே படம் போல மெல்லிய, கறுப்பு நிறச் சூட்டுப்பாய். அதைத் தொட்டிக்கு வெளியே, அடிக் கண்ணாடியில், இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு மறையும்படி ஒட்டினாய். காற்றுப் போக நாலு மூலைக்கும் பலகைத் துண்டு வைத்தாய். வயரைச் சுருட்டி என் கையில் தந்தாய்.

"இதைக் கரண்டில கொழுவிப் போடாத. இது தன்ர பாட்டுக்குச் சூடாகிக்கொண்டே போகும், நிப்பாட்டத் தெரியாது. சூடு கூடினா நிப்பாட்டிற கொன்றோலர் ஒண்டு கொண்டுவாறன். நாளைக்கு வாறன்."

மறுநாள் நீ வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. உன் தொலைபேசி அணைந்து கிடந்தது. மூன்றாம் நாள் நீயே அழைப்பு எடுத்தாய். "அனுராதபுரத்தில ஒரு வேலை மச்சான். ரெண்டு நாள் பொறு." குரல் களைத்திருந்தது. வேலை கடுமை என்று நினைத்தேன்.

அந்தக் கிழமை மழை பிடித்தது. வாடைக்காற்றில் கடைச் சீமெந்துத் தரை பச்சைத் தண்ணீர் மாதிரிச் சில்லென்று இருந்தது. பூந்தி கண் திறக்கவில்லை. அதன் இடுப்பெலும்பு தோலுக்கு வெளியே தெரிந்தது. காணி உறுதி பிரதி எடுக்க அடம்பனிலிருந்து வந்த ஒரு கமக்காரர் எட்டிப் பார்த்து, சூட்டுப்பாய் என்னவென்று கேட்டு, "மாட்டுக்குக் குறி சுடுவம் தம்பி. நீர் பல்லிக்குச் சுடப் போறீரோ?" என்று பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் போனதும் நான் வயரை எடுத்துக் கொழுவினேன்.

அரைமணி நேரத்தில் பூந்தி கண்ணைத் திறந்தது. மெல்ல நகர்ந்து வந்து, பாய் ஒட்டியிருந்த பக்கத்தில் வயிற்றைப் பரப்பிப் படுத்தது. இத்தனை கிழமைக்குப் பிறகு அதன் முகத்தில் உயிரைக் கண்டேன். படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். உனக்கும் அனுப்பினேன். நீ பார்க்கவில்லை. பின்னேரம் கடையைப் பூட்டும்போது கழற்ற மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டுப் போனேன்.

காலையில் அது படுத்த இடத்திலேயே கிடந்தது. தூக்கினால் வயிறெல்லாம் சிவந்து, ஒரு பக்கம் தோல் பொங்கி நீர் கோத்திருந்தது. கத்தவும் தெரியாத உயிர். என் விரலைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

அன்று முழுக்க நான் எந்த வேலையும் செய்யவில்லை. மகள் ஒரு மிருக வைத்தியரிடம் கேட்டுச் சொன்னபடி உப்புநீரால் கழுவி, களிம்பு வாங்கிப் பூசினேன். அடுத்த நாள் பின்னேரம் நீ வந்தாய். ஒரு கையில் சாமான் பை. மற்றக் கையின் முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை. இதெல்லாம் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அப்போது நான் பார்த்தது உன் முகத்தில் கோபம் இருக்கிறதா என்பதை மட்டும்.

நடந்ததைச் சொன்னேன். 'சொன்னனான்தானே' என்று ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேன். நீ கதிரையை இழுத்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டி, பூந்தியைத் திருப்பி வயிற்றைப் பார்த்தாய்.

"ஆழமாச் சுடேல்லை. ஆறும்."

"நான் மடையன்ரா. சூடு கூடினா எழும்பி மற்றப் பக்கம் போகும் எண்டு நினைச்சன். இடம் இருந்தது தானே. ஏன் போகேல்லை?"

அதன் முதுகை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தாய்.

"கனநாள் குளிர்ல கிடந்த உயிர் மச்சான். சூட்டைக் கண்டா விட்டிட்டு எழும்ப மனம் வராது. சுடுறதும் விளங்காது."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

குனிந்து இடது காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டினாய். கெண்டைக்காலில் உள்ளங்கையளவு இடம் கறுத்து, ஓரம் சுருங்கிக் கிடந்தது.

"சுடுதண்ணிப் போத்தல். காலுக்க வச்சுக்கொண்டு படுத்தனான். விடிய மனுசி கண்டுதான் கத்தினவ. எனக்குத் தெரியவே இல்லை."

பிறகு, ஏதோ ஒரு மோட்டாரின் பழுதைச் சொல்வது போல, முழுவதையும் சொன்னாய். இரத்தத்தில் சீனி கூடிய வருத்தம் பழையது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கிழமைக்கு இரண்டு நாள் இரத்தம் சுத்தம் செய்யப் போகிறாய். அனுராதபுரத்தில் இருந்த வேலை அதுதான். உடம்பில் இரத்தம் குறைவதால் எப்போதும் குளிர்கிறது. காலில் உணர்வு மரத்துப்போய்விட்டது.

"எவ்வளவு நாளா?"

"ஏழெட்டு மாசம் வரும்."

"ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேட்டனிதானே, அண்டைக்குப் பின்னால நிக்கேக்க. நான் ஒண்டுமில்லை எண்டனான். நீ விட்டிட்டாய்." குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். "பிறகு சொல்ல இடம் வரேல்லை. வெயிலுக்க நிண்டுகொண்டு குளிருது எண்டா ஆர் நம்புவினம்? எங்கட உம்மாவே நம்பேல்லை. ஆரும் கண்ணூறு பட்டிருக்கும், ஓதிப் பாப்பம் எண்டவ."

பின்னறைக் கதவு திறந்திருந்தது. ஏசிக் காற்று நேராக உன் பிடரியில் அடித்துக்கொண்டிருந்தது. நீ பூட்டியது. நான் எழுந்து போய் நிறுத்தினேன்.

"கொம்பியூட்டர் எல்லாம் சூடாகும் மச்சான்."

"ஆகட்டும்."

அன்றைக்கு நீ தொட்டியைச் செய்த விதம் என் கண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. எங்கோ மிஞ்சிய டைலை அளவாக வெட்டிக் கொண்டு வந்திருந்தாய். வெறும் கண்ணாடி ஒரே இடத்தில் சுடும், டைல் சூட்டைப் பரப்பிக் கொடுக்கும் என்றாய். கொன்றோலரின் சூடறியும் நுனியை, பூந்தி படுக்கும் இடத்தில், டைலின் மேல் ஒட்டினாய். முப்பத்திரண்டு வந்ததும் 'டிக்' என்று அது தானாக மின்சாரத்தை நிறுத்தியது. ஒரு டிகிரி இறங்கியதும் மறுபடி எடுத்தது. இரண்டு பக்கமும் வெப்பமானி வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை என்னை வாசிக்கச் சொல்லி, என் கடைத் தாளின் பின்பக்கத்தில் எழுதினாய். சூட்டுப் பக்கம் ஒரு சிரட்டை, குளிர்ப் பக்கம் ஒரு சிரட்டை, நடுவில் தோல் உரிக்கும் நாட்களுக்காக ஈரத் தேங்காய்த் தும்பு போட்ட சின்னப் பெட்டி.

"மூண்டு அறை. எங்கட வீட்டிலயும் இல்லை" என்றாய்.

"கரண்ட் போனா?"

"பயப்படாத. துவாயால தொட்டியைச் சுத்திவிடு, கனநேரம் தாங்கும். சுடுதண்ணிப் போத்தல் மட்டும் வச்சிடாத." சொல்லிவிட்டு நீயே பெரிதாகச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறாம் நாள் பூந்தி ஒரு புழு தின்றது. அது வெளியில் வரவில்லை, உள்ளேயே நின்றது. உனக்குத் தொலைபேசியில் சொன்னபோது நீ இரத்தம் ஓடும் இயந்திரத்தோடு படுத்திருந்தாய். 'பக்கத்துக் கட்டில்காரருக்கும் சொல்லிட்டன்' என்றாய். பிறகு அவர்கள் எல்லோரும் ஒவ்வொரு முறையும் பல்லியைச் சுகம் விசாரித்தார்களாம். இரண்டு தரம் தோல் உரித்த பின் புண்ணின் அடையாளம் மங்கியது. வால் பழையபடி உருண்டு வந்தது.

அந்த மாதங்களில் நீ அனுராதபுரத்திலிருந்து வரும் நாட்களில் நகரத்தில் இறங்கி நேரே வீட்டுக்குப் போவதில்லை. கடைக்கு வருவாய். பஸ்ஸைக் கண்டதும் நான் ஏசியை நிறுத்திவிடுவேன். கணினிக்கு ஒரு மின்விசிறியைத் திருப்பி வைத்தேன். ஆட்கள் முணுமுணுத்தார்கள். 'ஏசி பழுதோ?' என்று கேட்டவர்களுக்கு ஓம் என்றேன். ஊரிலேயே நல்ல ஏசிக்காரன் கடைக்குள் இருக்கும்போது!

பின்னேர வெயில் விழும் வாசலடியில் ஒரு கதிரையும், உள்ளே நிழலில் ஒரு கதிரையும் போட்டு வைத்திருந்தேன். நீ வாசலில் இருந்து வெயில் காய்வாய். தலை சுற்றினால் உள்ளே வருவாய். இரண்டாம் கிழமைதான் கவனித்தாய்.

"எனக்கும் ரெண்டு பக்கம் வச்சிருக்கிறாய் போல."

நான் காகிதம் அடுக்குவது போலத் திரும்பிக்கொண்டேன்.

அந்தக் கதிரையில் இருந்துதான் நீ உன் கதைகளைச் சொன்னாய். பேசாலையில் ஐஸ் போடும் இடத்தில் வேலை செய்தபோது விறைத்த கையோடு வெளியில் வந்து வெயிலைப் பிடித்து உரசிக்கொள்வீர்களாம். 'அந்தக் குளிர் வெளிக்குளிர் மச்சான். வெளியில வந்தாப் போயிடும். இது உள்ளுக்க இருந்து வாறது' என்றாய். தேநீரை இன்னும் கொஞ்சம் சூடாக்கிக் கொடுப்பதைத் தவிர வேறு என்ன செய்திருக்க முடியும்? அதிலும் உனக்கு அளவு இருந்தது. அரைக் கோப்பைக்கு மேல் தண்ணீர் கூடாது. நீ அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, ஆறும்வரை வைத்திருந்துதான் குடிப்பாய்.

மார்கழி மழையில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் வந்தபோது பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. உன் முகம் வீங்கியிருந்தது. கண்ணைத் திறந்து என்னைக் கண்டதும் கேட்டாய்.

"தின்னுதோ?"

"தின்னுது."

"எத்தின காட்டுது?"

"முப்பத்திரண்டு."

"மற்றப் பக்கம்?"

"இருபத்தாறு."

"சரி" என்றாய். அந்த 'சரி'யைச் சொல்ல உனக்கு மூச்சு வாங்கியது.

போர்வையின் அடியில் உன் பாதங்கள் வெளியில் தெரிந்தன. நான் கட்டில் காலடியில் போய் இருந்து இரண்டையும் கையில் எடுத்தேன். என் கைக்குத்தான் அந்தக் குளிர் தெரிந்தது. உனக்கு என் கை தெரிந்ததோ என்னவோ.

"விடுடா. ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்."

மணி அடித்து எல்லோரையும் வெளியில் போகச் சொல்லும்வரை பிடித்திருந்தேன். கொஞ்சம் சூடேறியது. உண்மையாகவே ஏறியது, நான் பொய் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் உன் மனைவியின் அழைப்பு வந்தது. பின்னேரம் அஸர் தொழுகையோடு ஜனாஸா அடக்கம். எருக்கலம்பிட்டி மையவாடியில் மழை விட்டிருந்தது. உன் ஆட்கள் எனக்கு இடம் விட்டு ஒதுங்கினார்கள். அவர்களைப் பார்த்து நானும் மூன்று பிடி மண் அள்ளிப் போட்டேன். ஈரமண், குளிர்ந்து கிடந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. மதில் ஓரம் போய் நின்று அழுதேன். உன் மைத்துனர் வந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து உன் மனைவி ஒரு படிவம் நிரப்பக் கடைக்கு வந்தார். பல்லியைத் தூர நின்று பார்த்தார். "இதுதானோ அண்ணா?" என்றார். பிறகு சொன்னார். "உங்கட கடைக்கு வந்துட்டு வாற நாளையில அவர் நல்லா நித்திரை கொள்ளுவார். மற்ற நாளையில போர்வைக்குள்ள நடுங்கிக்கொண்டு கிடப்பார்."

"நான் முந்தியே கேட்டிருக்க வேணும் தங்கச்சி."

"எனக்கே அவர் மூண்டு மாசம் சொல்லேல்லை அண்ணா" என்றார்.

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை. ஒரு பல்லியின் தரையைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்தவன் நான். வெயிலில் நின்று அனல் காற்றைத் தேடிய மனிதனிடம் ஒரு கேள்வியோடு திரும்பிவிட்டேன். நீ இதைப் பெரிதாக எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நீ எடுக்காததால் அது இல்லாமல் போகாது.

மகளுக்குப் படிப்பு முடிந்து கொழும்பிலேயே வேலை கிடைத்துவிட்டது. சொந்தமாக ஒரு அறை எடுத்திருக்கிறாள். போன மாதம் வந்து பூந்தியைக் கொண்டு போகிறேன் என்றாள். ஏலாது என்றேன். 'அப்பா, அது என்ர பல்லி' என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, வால் நல்ல மொத்தமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இதையும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன். சென்ற புதன்கிழமை ஒரு வயதான அம்மா கடைக்கு வந்தார். அடம்பன் பக்கம் குடியேறியிருக்கும் மலைநாட்டுக் குடும்பம். கிளினிக் கொப்பியைப் பிரதி எடுக்க வேண்டும். வெளியில் தார் உருகும் வெயில். கணினிகளுக்காக ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவர் சேலைத் தலைப்பால் இரண்டு தோளையும் மூடி, கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

"குளிருதோ அம்மா?"

"இல்லீங்க தம்பி. ஒண்ணும் இல்ல."

நான் பிரதியை எடுத்துக் கொடுத்தேன். ஏசியை நிறுத்தினேன். வாசலில் வெயில் படும் இடத்தில் கதிரையைப் போட்டு, அவரை இருத்தி, பக்கத்தில் குந்தி இருந்து மறுபடியும் கேட்டேன். "அம்மா, உண்மையாச் சொல்லுங்கோ. குளிருதோ?"

அவர் சேலைத் தலைப்பை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டார்.

"பொறந்தது நானுஓயா தம்பி. கொழுந்து பறிக்கிற காலத்துல பனிக்குள்ள நின்னிருக்கேன், அப்பெல்லாம் குளிரல. இப்ப இந்த வெயில்ல குளிருது. வீட்டுல சொன்னா சிரிக்கிறாங்க."

"நான் சிரிக்க மாட்டன்" என்றேன்.

அடம்பன் பஸ் வரும்வரை அவர் அந்தக் கதிரையில் இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தலைப்பைத் தளர்த்தி, கைகளை எடுத்து மடியில் விரித்து வைத்தார். வாசலில் ஒருவர் ஏசி பழுதோ என்று கேட்டார். ஓம் என்றேன்.

உன்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். இப்போது எவரிடமும் ஒரு தடவையோடு விடுவதில்லை.